சமவாய்ப்பு என்றால் சம வாய்ப்பு அல்ல: நிகழ்தகவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் ஒரு கல்லூரியில் நிகழ்தகவு நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் கரும்பலகையைத் தொடுவதில்லை. ஒரு கைப்பிடி சோழியை மேசைமேல் குலுக்கிப் போட்டு, "ஒரு சோழி வாய் மேலே பார்த்து விழ நிகழ்தகவு என்ன?" என்று கேட்பேன். "அரை சார்" என்பார்கள் பாதிப் பேர். ஏன் அரை? "மேல, கீழ, ரெண்டே வழிதானே சார்." பாட்டி வீட்டுத் திண்ணையில் சோழி உருட்டித் தாயம் ஆடிய பிள்ளைகள் இவர்கள். சோழியின் முதுகு வளைந்தது, வாய்ப்பக்கம் தட்டை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது என்று அவர்கள் கைக்குத் தெரியும். பேனாவை எடுத்ததும் அது மறந்துபோகிறது.

இதற்கு நம் கலைச்சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பில் 'சமவாய்ப்புச் சோதனை' வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 'சமவாய்ப்பு மாறி' வருகிறது. இந்த இடங்களில் அந்தச் சொல்லுக்கு, 'முடிவை முன்கூட்டியே சொல்ல முடியாது' என்பதுதான் பொருள். ஆனால் 'சமவாய்ப்பு நிகழ்ச்சிகள்' என்னும்போது உண்மையாகவே எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வாய்ப்பு என்று பொருள். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தமிழ் வழியில் படித்து வரும் மாணவர், சொல்லிலேயே 'சம' இருப்பதால், எதைக் கண்டாலும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறார். சொல்லை மாற்றச் சொல்லவில்லை, அது ஊன்றிவிட்டது. ஆசிரியர் முதல் நாளே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். நான் பல ஆண்டுகள் சொல்லாமல் விட்டேன். அந்த ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டு பகடைகளின் கூடுதல் 2 முதல் 12 வரை 11 விதம். ஆகவே 7 வர வாய்ப்பு 1/11 என்று எழுதுவார்கள். சரியான விடை 36-இல் 6, அதாவது 1/6. இதைக் கண்டு யாரும் மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேர் 1754-இல் இதே குழியில்தான் விழுந்தார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று எழுதினார். விடை 3/4. அவருக்குக் கூட்டல் தெரியாமலா போயிற்று? கணக்கைத் தொடங்கும் முன்பே, முதல் முறையே தலை, இரண்டாம் முறை தலை, இரண்டு முறையும் பூ என்ற சமமில்லாத மூன்று முடிவுகளைச் சமம் என்று எடுத்துக்கொண்டார். நிகழ்தகவில் நான் திருத்தும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படி முதல் வரிக்கு முன்பே நடந்து முடிந்தவை.

அடுத்தது, 'விலக்குவது' (இரண்டும் சேர்ந்து நடக்க முடியாதது) என்பதையும் 'சார்பில்லாதது' (ஒன்று நடந்தது தெரிந்தாலும் மற்றதன் வாய்ப்பு மாறாதது) என்பதையும் ஒன்றாக எண்ணுவது. இரண்டுமே காதுக்குச் 'சம்பந்தமில்லை' என்பதுபோல் கேட்கிறது. உண்மையில் நேரெதிர். இந்த நிமிடம் நீங்கள் கடலூரில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால், புதுச்சேரியில் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. ஒன்றின் செய்தி மற்றதை முழுதாகத் தீர்மானிக்கிறது. வாய்ப்பு பூச்சியமல்லாத இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்கினால், அவை ஒருபோதும் சார்பிலா நிகழ்ச்சிகள் ஆகா.

நம் ஊரில் ஆபத்தாகவே முடியக்கூடிய தவறு ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றோரம் வீடுள்ள உறவினர் ஒருவர், "நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம்ணே. வந்துட்டுப் போயிடுச்சு. இனி நம்ம ஆயுசுல வராது" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

நூறாண்டு வெள்ளம் என்பது நூறு ஆண்டுக்கு ஒரு முறை முறைவைத்து வருவதல்ல. எந்த ஓர் ஆண்டிலும் வர வாய்ப்பு 1 சதவீதம் என்று பொருள். 30 ஆண்டுகளில் ஒரு முறைகூட வராமல் இருக்க வாய்ப்பு 0.99-ஐ 30 முறை பெருக்கினால் கிடைக்கும். ஏறக்குறைய 74 சதவீதம். அப்படியானால் ஒரு முறையாவது வர வாய்ப்பு 26 சதவீதம். வீட்டுக்கடன் அடைத்து முடிக்கும் காலத்துக்குள் நாலில் ஒரு பங்குக்கும் மேல். இந்தக் கணக்குக்குள்ளும் ஓர் அனுமானம் இருக்கிறது: ஒவ்வோர் ஆண்டும் மற்றதைச் சாராதது, ஆறும் மழையும் மாறாதவை. ஆற்றுப்படுகை தூர்ந்தாலோ மழையின் போக்கு மாறினாலோ அந்த 1 சதவீதமே நிற்காது.

'வந்துவிட்டது, இனி வராது' என்பதும், 'இத்தனை நாள் வரவில்லை, இப்போது வந்தே தீரும்' என்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். 1761-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கவிருந்ததைப் பார்க்கப் புதுச்சேரி நோக்கி முன்கூட்டியே கப்பலேறினார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீ. ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் கரையிறங்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரியிலேயே வானாய்வுக் கூடம் அமைத்து, 1769 ஜூன் 4 காலை கருவியோடு நின்றார். முந்தைய மாதம் முழுக்கக் காலை வானம் தெளிவாக இருந்தது. அன்று மேகம் மூடிவிட்டது. அடுத்த வாய்ப்பு 1874-இல்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும். ஒரு முறை தவறவிட்டவருக்கு மறுமுறை காட்டவேண்டும் என்று வானம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

'அப்படியானால், சோதனையைப் பல முறை செய்யச் செய்ய விகிதம் நிகழ்தகவை நெருங்கும் என்ற பேரெண் விதி என்ன ஆயிற்று? கடைசியில் பாதிக்குப் பாதி வந்துவிடுமே?' என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 100 முறை சுண்டியதில் 60 தலை விழுந்தது என்போம். அடுத்த 900-இல் சராசரியாக 450 எதிர்பார்க்கலாம். மொத்தம் 1000-இல் 510, அதாவது 51 சதவீதம். கூடுதலாக வந்த பத்துத் தலையை எந்தப் பூவும் வந்து ஈடுகட்டவில்லை. பத்து பத்தாகவே இருக்க, விகிதம் மட்டும் நீர்த்துப்போனது.

எண்ணிக்கையைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. 100 சுண்டலில் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு சுமார் 2.8 சதவீதம். 1000 சுண்டலில் 600 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. இத்தகைய அரிய நிகழ்வுகளின் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதற்கு முறையான கோட்பாட்டை வளர்த்தவர், சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.எஸ். வரதன். 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கக் கூடாது.

நிபந்தனையைத் தலைகீழாக்குவதையும் கவனியுங்கள். 10,000 பேரில் 100 பேருக்கு ஒரு நோய் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்த 100-இல் 95 பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற 9,900 பேரில் 5 சதவீதம், அதாவது 495 பேரையும் தவறாகக் காட்டும். 'உண்டு' என்று முடிவு வந்த 590 பேரில் நோயுள்ளவர் 95 பேர், சுமார் 16 சதவீதம்தான். 'நோய் இருந்தால் சோதனை காட்டும்' என்பது வேறு, 'சோதனை காட்டினால் நோய் இருக்கும்' என்பது வேறு.

ஆராய்ச்சிக்கு வருபவர்கள் சறுக்கும் இடம் நுட்பமானது. நிகழ்தகவில் ஒருங்குவதும் (விலகல் இருக்கும் வாய்ப்பு பூச்சியத்தை நெருங்குவது), ஏறக்குறைய உறுதியாக ஒருங்குவதும் (தனித்தனியே பார்த்தாலும் விலகல் ஒரு கட்டத்தில் நின்றேவிடுவது) ஒன்று என்று நினைத்து நிறுவலை எழுதிவிடுவார்கள். புதுச்சேரிக் கடற்கரையின் கலங்கரை விளக்கத்தை நினைத்துப் பாருங்கள் என்பேன். ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒளிக்கற்றையின் அகலம் பாதியாகக் குறைகிறது என்று கற்பனை செய்வோம். கடலில் ஏதோ ஒரு திசையில் ஒரு கட்டுமரம். நேரம் போகப் போக, ஒரு குறிப்பிட்ட நொடியில் வெளிச்சம் அதன்மேல் படும் வாய்ப்பு பூச்சியத்தை நெருங்குகிறது. ஆனால் அந்தக் கட்டுமரத்தில் இருப்பவரைக் கேளுங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வெளிச்சம் தவறாமல் வருகிறது, ஒருநாளும் நின்றபாடில்லை. முதல் வகை ஒருங்கல் இருக்கிறது, இரண்டாவது இல்லை.

இப்போதெல்லாம் என் விடைத்தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் முதல் வரியை வெறுமையாக விட்டிருப்பேன். எதைச் சமம் என்றும் எதைச் சார்பற்றது என்றும் எடுத்துக்கொண்டீர்கள், ஏன் என்று அதில் எழுத வேண்டும். அந்த வரிக்கு 2 மதிப்பெண். விடை தவறினாலும் அந்த 2 உண்டு.