பிளைவுட், பைப், டைல்ஸ்: வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

8-க்கு 4 அடி பிளைவுட்டின் அகலம் 1220 மி.மீ. ஓர் அடி ஏறக்குறைய 305 மி.மீ. எனவே ஓரடி அகலத்தில் நான்கு தட்டுகள் கிடைக்கும் என்று கணக்குப் போடுவார்கள். கிடைக்காது. சர்குலர் சா (வட்ட ரம்ப மெஷின்) பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 2 முதல் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும். மூன்று வெட்டில் 9 மி.மீ. வரை போக, கடைசித் தட்டு மட்டும் ஒடுங்கிப்போகும். தட்டுக்கு 300 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நான்கும் ஒரே அளவில் வரும். பிளேடு கோட்டின் நடுவில் போகாமல், கழிவுப் பக்கத்தை ஒட்டியே போகட்டும்.

வெட்டிய ஓரம் சிராய் சிராயாகப் பிய்ந்துவிட்டால் பலகையின் தரத்தைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம், பலகையை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தோம் என்பதுதான். கையில் பிடிக்கும் சர்குலர் சாவிலும் சாதாரண ஜிக்சா (மேலும் கீழும் ஓடும் சிறு ரம்ப மெஷின்) பிளேடிலும் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டும். பிய்வது மேல் முகம். அதனால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். கைரம்பம் தள்ளும்போது வெட்டுவதால் அதற்கு நல்ல முகம் மேலே. 7 இன்ச் சர்குலர் சா பிளேடில் 24 பல் இருப்பது வேகமாக அறுக்க மட்டும்தான் உதவும். பிளைவுட்டுக்கு 40 பல்லாவது வேண்டும். வெட்டும் முன் கத்தியால் கோட்டின்மேல் அழுத்திக் கீறினால் மேல் வெனீரின் (மெல்லிய மர அடுக்கின்) நார் முன்பே அறுபட்டு ஓரம் சுத்தமாக வரும்.

இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பலகையைப் போட்டு மையத்தில் வெட்டுவது ஆபத்து. பாதி அறுத்ததும் பலகை நடுவில் தொய்ந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். மெஷின் உங்களை நோக்கி எகிறும். கோட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு ரீப்பர் (மரச் சட்டம்) கொடுத்து, வெட்டி முடித்த பிறகும் இரு துண்டும் அதனதன் இடத்திலேயே கிடக்கும்படி வையுங்கள். பிளேடு பலகைக்குக் கீழே 5, 6 மி.மீ. மட்டும் நீட்டினால் போதும்.

ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டி வெட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும் கருவி அது. மரத்தில் பல் மாட்டினால் கையை விட்டுத் துள்ளும்; அந்த வேகத்தில் யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

பிவிசி பைப் வெட்ட ஆக்ஸா பிளேடு போதும். நேராக வர, பைப்பைச் சுற்றி ஒரு தாளை விளிம்போடு விளிம்பு பொருந்தச் சுற்றிக் கோடு போடுங்கள். வெட்டியதும் உள்ளும் புறமும் உள்ள பிசிறை அரத்தால் எடுக்காவிட்டால், பைப்பைச் செருகும்போது அந்தப் பிசிறே சொல்யூஷனை (பைப் ஒட்டும் பசையை) வழித்துத் தள்ளிவிடும். பிறகு கசிவுதான். இன்னொன்று: சொல்யூஷன் போடாமல் செருகிப் பார்க்கும்போது பைப் சாக்கெட்டின் (அதைச் செருகும் இணைப்பு வாயின்) அடிவரை போகாது, பாதியில் நின்றுவிடும். அந்த நிலையில் அளந்து வெட்டினால் ஒட்டும்போது நீளம் குறையும். சாக்கெட்டின் ஆழத்தைத் தனியாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருங்கள். உடனே விட்டால் பைப் பின்னால் வந்துவிடும். வெந்நீர் லைனுக்குப் போடும் சிபிவிசி-க்கு அதற்கென்றே விற்கும் சொல்யூஷன்தான் வாங்க வேண்டும்.

டைல்ஸ் கட்டரில் ஒரே அழுத்தமாக ஒரே முறைதான் கீற வேண்டும். இரண்டாம் முறை சக்கரம் ஓடினால் கோடு இரண்டாகி, உடைப்பு வளைந்து போகும். விட்ரிஃபைடு டைல்ஸில் துளை போட டிரில்லின் ஹேமரை (இடித்துத் துளைக்கும் இயக்கத்தை) நிறுத்திவிட்டு, டைமண்ட் பிட்டைச் சாய்த்துத் தொடங்கி மெல்ல நிமிர்த்துங்கள். இடையிடையே பிட்டைத் தண்ணீரில் தோய்த்துக் குளிர வையுங்கள். மெஷினில் உலர்வாக வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலிலேயே தங்கிவிடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து வெட்டுங்கள்.