ஓயாமல் குட்டி ஈன்று நலிந்த நாயை மீட்டுக் காப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பருவந்தோறும் சினைப்படுத்தப்பட்டு, குட்டிகள் விற்றுத் தீர்ந்ததும் கூண்டு மூலையிலோ சாலையோரத்திலோ கைவிடப்பட்ட பெண் நாயைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். மடி தளர்ந்து தொங்கும். காம்புகள் நீண்டு கறுத்திருக்கும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருக்க, வயிறு மட்டும் பொருத்தமில்லாமல் உப்பியிருக்கும். நடக்க வழியின்றி அடைந்து கிடந்ததால் தேயாமல் வளர்ந்த நகங்கள், வளைந்துபோய் பாதத்தின் சதைக்குள் குத்தியிருப்பதும் உண்டு.

இப்படியொரு நாயைக் கண்டதும், முதலில் குளிப்பாட்டி, வயிறார உணவிட்டு, மெத்தென்ற இடத்தில் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலை மருத்துவரிடம் போகலாம் என்றுதான் இரக்கமுள்ள பலருக்கும் தோன்றுகிறது. அந்த வரிசை தலைகீழானது. மருத்துவரிடம் கொண்டுசெல்வதில் மட்டுமே விரைவு வேண்டும். உணவு, குளியல், கொஞ்சல் ஆகிய மூன்றிலும் பொறுமை வேண்டும். எதில் விரைய வேண்டும், எதில் பொறுக்க வேண்டும் என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: கைக்கு வாங்கும்போதே செய்ய வேண்டியவை

நாய் ஒருவரின் பொறுப்பில் இருந்தால், அதை உங்களிடம் ஒப்படைப்பதாக அவரிடமிருந்து எழுத்துமூலம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், சிகிச்சை முடிந்து நாய் தேறிய பிறகு அதைத் திருப்பிக் கேட்டு அவர் வந்து நிற்க இடமுண்டு. காசு கொடுத்து வாங்குவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். நீங்கள் கொடுக்கும் தொகையில் அடுத்த பெண் நாய் அதே கூண்டுக்குள் வந்து சேரும். ஒப்படைக்க மறுத்தால் விலங்கு வதைத் தடுப்பு அமைப்பிடமோ காவல்துறையிடமோ புகார் அளிப்பதே வழி. நாய் இருந்த இடம், கூண்டு, உடலின் புண்கள் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். சாலையில் கண்டெடுத்த நாயென்றால், தோலுக்கடியில் உரிமையாளரை அடையாளம் காட்டும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்குவதற்கு முன் கையுறை அணியுங்கள். வலியில் இருக்கும் நாய், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், தொட்ட இடம் நொந்தால் கடிக்கும். மென்மையான துணிப்பட்டையால் வாயைக் கட்டலாம். ஆனால் மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கும் வாயைக் கட்டவே கூடாது. அவற்றை ஒரு கனத்த போர்வையில் சுற்றித் தூக்குவதே பாதுகாப்பு. கடி பட்டாலோ கீறல் பட்டாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

படி 2: புறப்படும் முன் சில நிமிடச் சோதனை

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நலமான ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் ஒரு கணம் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் இரத்த ஓட்டம் குன்றியிருக்கிறது என்று பொருள். ஈறு வெள்ளையாக இருந்தால் இரத்தச்சோகை அல்லது உள்ளுக்குள் இரத்தக்கசிவு, செங்கல் சிவப்பாக இருந்தால் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியிருத்தல், மஞ்சளாக இருந்தால் கல்லீரல் பாதிப்பு அல்லது இரத்த அணுக்கள் சிதைதல் என்று சந்தேகிக்கலாம். ஈறிலேயே கறுப்பு நிறமுள்ள நாய்களுக்குக் கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள்.

ஓய்வில் இருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் இயல்பு. காய்ச்சல் இல்லை என்பதால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்: தொற்று முற்றிய நாயின் உடல் சில்லிட்டுப் போவதும் உண்டு, அது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி. பிறகு வாலை மெல்ல உயர்த்திப் பிறப்புறுப்பில் சீழோ இரத்தமோ கசிகிறதா என்று பாருங்கள். பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு, மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.

படி 3: எந்த நிலை எவ்வளவு அவசரம்?

திரும்பத் திரும்பக் குட்டி ஈன்ற நாய்களை மீட்பவர் எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய முதல் நோய், கருப்பையில் சீழ் கோத்தல். மருத்துவர்கள் இதைப் பையோமெட்ரா என்பார்கள். ஒவ்வொரு சினைப்பருவத்துக்குப் பிறகும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பல வாரங்களுக்கு மிகுந்திருக்கிறது. அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, கருப்பை வாயை மூடி, கிருமிகளை வெளியேற்றும் தசைச் சுருக்கத்தையும் அடக்கிவிடுகிறது. உள்ளே ஏறிவிட்ட கிருமி, பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை, அந்தக் கதகதப்பில் பெருகிச் சீழாகிறது. சினைப்பருவம் முடிந்த 1 முதல் 2 மாதத்துக்குள் இது வெளிப்படுவதே வழக்கம்.

கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும். நாற்றத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மூடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆபத்து அதில்தான் அதிகம். நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், உணவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாந்தி எடுக்கும், வயிறு நாளுக்கு நாள் புடைக்கும். அந்தப் புடைப்பைச் சினை என்று எண்ணிக் காத்திருந்து நாயை இழந்தவர்கள் பலர். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம். சீழ் நிறைந்த கருப்பை கிழிந்துபோகக்கூடும். வெறும் மாத்திரைகளால் இதைத் தீர்க்க முயல்வது பெரும்பாலும் நாளைக் கடத்துவதாகவே முடியும். கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றும் அறுவையே உறுதியான சிகிச்சை. உரிய நேரத்தில் செய்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன.

சினையாக இருக்கும் நாயை மீட்டிருந்தால், 30 நிமிடம் கடுமையாக முக்கியும் குட்டி வராதபோதும், முதல் குட்டி வெளிவரும் முன்பே கரும்பச்சை நிறத்தில் நீர் கசியும்போதும் உடனே கிளம்ப வேண்டும். கருப்பையோ யோனிச்சதையோ வெளியே பிதுங்கியிருந்தால், சுத்தமான ஈரத்துணியால் மூடி, நக்கவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். நீங்களே உள்ளே தள்ள முயலாதீர்கள். பால் கொடுக்கும் நாய் விறைத்து நடந்து, நடுங்கி, விடாமல் மூச்சிரைத்தால் அது கால்சியம் குறைவு. இதற்கு அறுவை தேவைப்படாது, ஆனால் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் என்பதால் நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்ற அப்போதே மருத்துவரிடம் ஓட வேண்டும். மடிக்கட்டி, ஈறு சீழ், கண் புண் ஆகியவை வலி மிகுந்தவைதான் என்றாலும், பொதுவாக மருத்துவர் குறிக்கும் நாள் வரை பொறுக்கக்கூடியவை.

படி 4: மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

வந்தவுடன் அறுவை மேசைக்குக் கொண்டுபோகவில்லையே என்று பதற வேண்டாம். நீரிழந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்த உடல் மயக்க மருந்தைத் தாங்காது. நரம்பு வழியாக நீரும் நுண்ணுயிர்க்கொல்லியும் வலிமருந்தும் ஏற்றி, சில மணி நேரம் உடலைத் தேற்றிய பிறகு அறுப்பதே முறை. இதற்கிடையில் இரத்த அணுக்கள், தட்டணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்து, வயிற்றை ஸ்கேன் செய்வார்கள். உண்ணி மொய்த்த நாயென்றால் உண்ணிக்காய்ச்சல் சோதனையையும் கேளுங்கள். அக்காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்து, அறுவையின்போது இரத்தம் உறையாமல் போகலாம். மடியில் கட்டி இருந்தால், அது நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரே உதவும்.

இனப்பெருக்கக் கூண்டிலிருந்து வந்த நாய்க்கு மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று புரூசெல்லா சோதனை. கருச்சிதைவை உண்டாக்கும் இக்கிருமி கருப்பைக் கசிவிலும் சிறுநீரிலும் இருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. முடிவு வரும்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நாயைத் தொட வேண்டாம்; மற்றவர்கள் கையுறையோடு சுத்தம் செய்யட்டும்.

சடைபிடித்த முடியை வெட்டுவது, வளைந்த நகங்களைக் குறைப்பது போன்ற சிறு வேலைகளை அதே மயக்கத்தில் முடித்துவிட இயலுமா என்று கேட்கலாம். சடையை வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். அடியில் இழுபட்டிருக்கும் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். பற்களைப் பிடுங்குவதையும் இதோடு சேர்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நலிந்த நாய் மயக்கத்தில் கிடக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பிழைக்கும் வாய்ப்பு, செலவு, அறுவை நடுவில் நிலை மோசமானால் என்ன செய்வது ஆகிய மூன்றையும் வெளிப்படையாகப் பேசி, ஒப்புதல் படிவத்தில் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். மீட்க இயலாத வேதனையில் இருக்கும் நாய்க்கு வலியின்றி விடைகொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அந்தச் சொல்லையும் பொறுமையாகக் கேளுங்கள். அதுவும் பராமரிப்பில் அடங்கியதே.

படி 5: உணவை அளந்து கொடுத்தல்

வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால், இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை அணுக்களுக்குள் விரைந்து இழுக்கப்பட்டு இரத்தத்தில் அவற்றின் அளவு சரியும். அதனால் இதயமும் சுவாசத் தசைகளும் தளர்ந்து, சாப்பிட்ட நாயே இறந்துபோகலாம். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கிலோகலோரி தேவை. முதல் நாள் அதில் கால் பங்கை மட்டும், 4 அல்லது 6 வேளையாகப் பிரித்துக் கொடுத்து, சில நாட்களில் மெல்ல முழு அளவுக்கு உயர்த்த வேண்டும். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் உணவை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். அதை அப்படியே பின்பற்றுங்கள்.

படி 6: அறுவைக்குப் பின் முதல் இரவும் அடுத்த இரு வாரமும்

மயக்கம் முழுதாகத் தெளியாத நாய் தள்ளாடும், முனகும், படுத்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கும். தரையில் விரித்த கனத்த துணியில், காற்று வீசாத கதகதப்பான இடத்தில் படுக்க வையுங்கள்; கட்டிலிலோ படிக்கட்டின் அருகிலோ வேண்டாம். தலையை நிமிர்த்தி விழுங்க முடிகிறபோது மட்டும் சிறிது தண்ணீர். எழுந்து நின்று தெளிவாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு, மருத்துவர் அனுமதித்திருந்தால், கொஞ்சம் உணவு.

மனிதருக்கான வலி மாத்திரை ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் இரத்த அணுக்களையும், இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும்.

தையலைக் காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முதல் சில நாட்கள் ஓரங்கள் லேசாகச் சிவந்து தடித்திருப்பது இயல்பு. சிவப்பு பரவுதல், நாற்றம், சீழ், சொட்டும் இரத்தம், தையல் விரிதல், ஈறு வெளுத்தல், விடாத வாந்தி, 24 மணி நேரம் உணவை மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொலைபேசியை எடுங்கள். கழுத்தில் மாட்டும் கூம்பைப் பரிதாபப்பட்டுக் கழற்றாதீர்கள். ஒருமுறை நக்கினாலும் தையல் பிரிந்துவிடக்கூடும். 10 முதல் 14 நாள் வரை குளியலும் ஓட்டமும் குதியும் கிடையாது. கழிப்பதற்கு மட்டும், வாரைப் பிடித்தபடி வெளியே கூட்டிச் செல்லலாம். மடியில் பால் மிச்சமிருந்தால் பீய்ச்ச வேண்டாம், பீய்ச்சினால் மேலும் சுரக்கும்.

வீட்டில் வேறு நாய்கள் இருந்தால், இதே இரு வாரமும் இதனைத் தனி அறையில் வைத்து, தட்டு, துணி, துடைப்பம் எல்லாவற்றையும் தனியாக வையுங்கள்.

படி 7: மனம் தேறுவதற்கான இடம்

இனப்பெருக்கக் கூடங்களிலிருந்து மீட்கப்பட்ட நாய்களை வீட்டு நாய்களோடு ஒப்பிட்டு, கால்நடை மருத்துவர் ஃபிராங்க்ளின் மெக்மில்லனும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மீட்கப்பட்டவற்றிடம் அச்சமும் வீட்டுக்குள் கழிப்பதும் மிகுந்திருந்தன. ஆனால் மனிதரிடம் சீறும் குணம் குறைவாகவே இருந்தது. மூலையில் ஒடுங்குவதும் சுவரையே வெறித்துப் பார்ப்பதும் கண்டு நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. வழுவழுப்பான தரையை அறியாத நாய், கதவருகே நான்கு காலையும் பரப்பி உறைந்து நிற்கும். அதை இழுக்காமல், அறை நெடுகத் துணி விரித்துவிட்டு, பக்கவாட்டில் முகம் திருப்பி அமர்ந்து, அது தானே நெருங்கி வரும்வரை கை நீட்டாமல் இருங்கள். வெளியே போகும்போது கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று என இரண்டு வார்கள் கட்டாயம். மிரண்ட நாய் கழுத்துப்பட்டையை நொடியில் உருவிக்கொண்டு ஓடும், கூப்பிட்டால் திரும்பி வராது.

தையல் பிரித்த பிறகு, தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, பல் சிகிச்சை ஆகியவற்றுக்கு மருத்துவரிடம் ஒரு கால அட்டவணை எழுதி வாங்குங்கள். கருப்பை நீக்கப்பட்டாலும் மடிக்கட்டி வரும் வாய்ப்பு இந்த நாய்களுக்குத் தொடர்கிறது. மாதம் ஒருமுறை நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை இருபுறமும் ஒவ்வொரு காம்பின் அடியிலும் விரல்களால் மெல்ல உருட்டிப் பாருங்கள். பட்டாணி அளவு உருண்டை தட்டுப்பட்டாலும், எந்தக் காம்பின் அடியில் என்று குறித்துக்கொண்டு அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.