கூடப்பிறந்தவரின் கலியாணத்தில் தோழனாக, தோழியாக நிற்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணத்தில் யார் தோழனாக நிற்பது என்பதிலேயே வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் குழப்பம் வந்துவிடுகிறது. அண்ணனுக்குக் கலியாணம் என்றால் தம்பிதான் தோழன் என்று நினைத்து, கோட்டும் சூட்டும் தைத்துக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். இங்கே முறை வேறு. பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைக்குத் தோழன். மாப்பிள்ளையின் சகோதரி பெண்ணுக்குத் தோழி. இரண்டு வீடும் ஆளுக்கொரு பிள்ளையை மற்ற வீட்டுக்கு விட்டுக்கொடுத்து உறவைத் தொடங்குகின்றன. ஆகவே தங்கையின் கலியாணத்துக்குப் போகும் அண்ணன் அன்று முழுக்க நிற்கப்போவது மச்சானாக வரப்போகிறவரின் பக்கத்தில். சொந்தச் சகோதரம் இல்லாவிட்டால் சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளை என்று ஒருவர் நிற்பார். அது யார் என்பதை இரண்டு வீட்டாரும் கதைத்து முடித்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது கலியாண நாளை மட்டும் கேட்பது அடுத்த பிழை. பொன்னுருக்கு எப்போது என்றும் கேளுங்கள். தாலிக்கான பொன்னை ஆசாரியார் மாப்பிள்ளை வீட்டில் உருக்கும் சடங்கு அது. கன்னிக்கால், அதாவது பந்தலின் முதல் கால், ஊன்றுவதும் அதோடு சேர்ந்தது. கலியாணத்துக்குச் சில நாள் முன்னதாக நல்ல நேரம் பார்த்து வைப்பார்கள். அதற்குப் பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறை வரை ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பெண், மாப்பிள்ளை, தோழன், தோழி நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முறை எல்லாவற்றையும் கதைத்துக்கொள்ள வேண்டுமானால் பொன்னுருக்குக்கு முன்னர்தான் முடியும். கலியாணத்துக்கு முதல்நாள் வந்து இறங்குகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. குறைந்தது ஒரு வாரம் முந்தி ஊரில் நில்லுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வாகனத்தில் யாழ்ப்பாணம் போய்ச்சேர ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். அந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆவணியில் கலியாணம் என்றால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களோடு மோதக்கூடும். தங்க அறையும் வாகனமும் முன்கூட்டியே பிடிக்காவிட்டால் கிடையாது.

உடுப்பு விஷயத்தை ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். தோழிக்கு பிளவுஸ் தைக்க, நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவிடுவதுதான் நம்பிக்கையான வழி. தொலைபேசியில் சொன்ன அளவில் தைத்தது கைக்குழியில் பிடித்துக்கொள்ளும், கை உயர்த்த முடியாது. தோழி பலமுறை கை உயர்த்த வேண்டியிருக்கும். தோழனுக்குப் பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை. வேட்டி கட்டிப் பழகாதவர்கள் ஒட்டி வேட்டியை வாங்குங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் உள்ளே அரைக்காற்சட்டையும் மேலே அகலமான பெல்ட்டும் இருக்கட்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழும்பும்போதுதான் வேட்டி அவிழும், நிற்கும்போது அல்ல. சால்வை பருத்தியாகவோ பட்டாகவோ இருக்க வேண்டும். நைலோன் கலந்த சால்வையின் நுனி ஓமத் தீயின் பக்கம் தொங்கினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தலைப்பாகை ஆயத்தமாகக் கட்டியதாக வந்தால் தலைச்சுற்றளவை சென்ரிமீற்றரில் எழுதி அனுப்புங்கள்.

இன்னோர் அளவும் அனுப்ப வேண்டும்: தோழனின் மோதிர விரல். மண்டப வாசலில் தோழன் மாப்பிள்ளையின் கால் கழுவ, மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போடுவார். அளவு தெரியாமல் செய்த மோதிரம் விரல் நடுவில் நின்றுபோக, கமெராவுக்கு முன்னால் இருவரும் படும் பாடு பார்க்க முடியாது. குளிர்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு வெக்கையில் விரல் சற்று வீங்கும் என்பதால் அரை அளவு தளர்வாகவே இருக்கட்டும்.

கலியாணத்தன்று தோழனின் வேலை மாப்பிள்ளை வீட்டில் தொடங்குகிறது. பெண் வீட்டுப் பெரியவர்களோடு தட்டங்கள் எடுத்துப்போய் மாப்பிள்ளையை அழைத்து வருவது அவர்தான். அங்கே மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து, குளிக்க வார்த்து, உடுத்தி முடிக்க நேரம் எடுக்கும். நீங்கள் அதற்குள் முழு உடுப்போடு போயிருக்க வேண்டும். நேரத்தைத் தாலி கட்டும் முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மாப்பிள்ளை மணவறைக்கு வந்ததிலிருந்து தாலி வரை சடங்குகளுக்கு ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். அதற்கு மேல் வாகன ஓட்டம். அதற்கு மேல் ராகுகாலம்: திங்கட்கிழமை 7.30 தொடக்கம் 9 வரை, வெள்ளி 10.30 தொடக்கம் 12 வரை. ராகுகாலத்தில் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார்கள். ஆகவே 10 மணி முகூர்த்தத் திங்கட்கிழமைக் கலியாணத்துக்கு 7.30க்கு முன்னரே மாப்பிள்ளை வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். வாகனம் பிந்தினால் முழு நிரலும் நசிபடும், ஐயர் மந்திரத்தைச் சுருக்க வேண்டிவரும். சாரதியோடு முதல்நாள் மாலை ஒரு தடவை, காலையில் ஒரு தடவை கதையுங்கள்.

வாசலில் கால் கழுவும் இடம் சின்னதுதான், ஆனால் எல்லோரும் பிழைவிடும் இடம். செம்பும் தண்ணீரும் தாம்பாளமும் ஒரு துவாயும் முன்னதாக அங்கே இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் மாப்பிள்ளையோடு வருவதால் உங்களால் பார்க்க முடியாது. தண்ணீரை மெல்ல வார்த்து, கையால் கழுவி, துவாயால் ஒற்றித் துடையுங்கள். ஈரக்காலோடு மாபிள் தரையில் நடந்தால் சறுக்கும். மணவறையில் பக்கத்தில் இருக்கும்போது மாப்பிள்ளையின் சால்வை, மாலை, வியர்வை மூன்றையும் கவனிப்பது உங்கள் வேலை. மடியில் ஒரு கைலேஞ்சி இருக்கட்டும். ஓமத்தில் பொரியிடும்போது நெற்பொரியைக் கொடுப்பது பெண்ணின் சகோதரன். அந்த நேரம் பார்த்துப் படம் எடுக்க எழும்பிப் போய்விடாதீர்கள். தொலைபேசியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டே மணவறை ஏறுங்கள்.

தோழிக்குப் பொறுப்பு இன்னும் நுணுக்கமானது. கூறைத்தட்டம், அதாவது கூறை என்னும் கலியாணச் சேலை வைத்த தட்டம், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருவது. நெல்லும் தேங்காயும் கூறையும் தாலிக்கொடி என்னும் பொன் சங்கிலியும் குங்குமச்சிமிழும் சேர்ந்து நல்ல பாரம். அதைச் சபையில் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டு போகும்போது கொடியில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கூறை கொடுத்த பின் பெண் உடுப்பு மாற்றப் போவார், தோழியும் கூடப் போவார். முகூர்த்தம் தவறுவது பெரும்பாலும் அந்த அறையில்தான். கூறையின் முந்தானை மடிப்பை முதல்நாளே எடுத்து ஊக்குக் குத்தி வைத்திருந்தால் இருபது நிமிடத்தில் வெளியே வரலாம். சடங்குக்கு முன் கூறையைப் பிரிப்பதை வீட்டார் விரும்பாவிட்டால் ஒப்பனைக்காரரோடு ஒரு கை கூட வைத்துக்கொள்ளுங்கள். ஐயர் எத்தனை மணிக்குத் திரும்பி வரச் சொன்னார் என்பதை அறைக் கதவடியில் சொல்லிக்கொண்டிருக்க ஒருவர் தேவை.

தாலிக்கொடியில் நூலைப் போல முடிச்சுப் போடுவதில்லை, பின்கழுத்தில் சுரை (திருகாணி) பூட்டுவது. மாப்பிள்ளையின் கை நடுங்கும். பெண்ணின் பின்னலும் பூவும் மாலையும் சேர்ந்து கழுத்தை மறைக்கும். தோழி இடது கையால் பின்னலையும் பூவையும் ஒன்றாக மேலே தூக்கி, வலது கையால் மாலையைத் தோளோடு சரித்துப் பிடித்தால் கழுத்தடி தெளிவாகத் தெரியும். சுரையை மாப்பிள்ளை ஒரு சுற்றுப் பிடிக்க வைத்தால் போதும், மேளம் ஓய்ந்த பிறகு தோழி இறுக்கிவிடலாம். அவசரத்தில் சரிந்து பூட்டினால் புரி கெடும், அல்லது சுரை கீழே விழுந்து அரிசிக்குள் போய்விடும். கொடி செய்து வந்த அன்றே, சுரை உள்ள வேறொரு பொன் நகையில் மாப்பிள்ளையும் தோழியும் தனித்தனியாகப் பூட்டிப் பழகிப் பார்க்கட்டும். தாலிக்குப் பிறகு பெண் வலப்பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் இடப்பக்கம் மாறுவார். தோழியும் கூடவே மாற வேண்டும், கூறையின் கொய்யகம் (முன் மடிப்பு) காலில் மிதிபடாமல்.

மாதவிலக்கு நாள் தட்டுப்படலாம் என்றால் மூடி மறைக்காமல் அம்மாவிடமோ மாமியிடமோ முன்னரே சொல்லுங்கள். வேறொரு சகோதரியை ஆயத்தமாக வைப்பார்கள், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். நெருங்கிய உறவில் மரணம் நேர்ந்து துடக்கு (தீட்டு) வந்தாலும் இதே வழிதான். கலியாணத்தன்று மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. தாலி முடியும் வரை பலர் விரதம் இருப்பார்கள், தோழனும் தோழியும் பால் அல்லது இளநீர் குடித்துக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றோடு ஓமப்புகையில் மயங்கி விழுந்த தோழர்கள் உண்டு.

ஊருக்கு ஊர் முறை வேறுபடும். வடமராட்சியில் செய்வது தீவுப்பகுதியில் இல்லாதிருக்கும். ஆகையால் கலியாணம் செய்விக்கும் ஐயரையே நேரில் போய்ப் பார்த்து, தோழன் எங்கே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தோசமாகச் சொல்லித் தருவார்கள்.

எழுத்தும் (கலியாணப் பதிவு) அதே நாளில் என்றால் சாட்சியாகக் கையெழுத்துப் போட உங்களைக் கேட்கலாம். கடவுச்சீட்டைக் கொழும்பில் விட்டுவிட்டு வராதீர்கள். சாப்பாடு முடிந்து மணமக்கள் கால்மாறி மற்ற வீட்டுக்குப் போகும்போதும் தோழன், தோழி இருவரும் கூடப் போக வேண்டும். கலியாணத்துக்குப் பின் வரும் நாலாம் சடங்கு விருந்தை இப்போது பெரும்பாலும் அடுத்த நாளே வைத்துவிடுகிறார்கள், சில வீடுகளில் முறைப்படி நான்காம் நாள். திரும்பும் டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள். பெண் வீட்டுப் பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலை அன்றும் தோழனுக்குத்தான்.