பெருநகரத்தில் பத்திரமாக நடமாட: சாலையைக் கடப்பதிலிருந்து முகவரி அனுப்புவது வரை

சாலை ஓரத்தில் நிற்பவர் பெரும்பாலும் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: வண்டி வருகிறதா, இல்லையா. பெருநகரத்தில் வண்டி எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் என்னைப் பார்த்துவிட்டாரா? பார்த்திருந்தாலும் அவரால் நிறுத்த முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் காலை எடுத்து வைக்கக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குக் கணக்கே இருக்கிறது. ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் சாதாரண ஓட்டுநருக்கு 1 முதல் 1.5 நொடி ஆகிவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 1.5 நொடியில் பிரேக்கே பிடிக்காமல் கிட்டத்தட்ட 21 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த சாலையில் இன்னும் 14 மீட்டர். ஆக மொத்தம் 35 மீட்டர். சாலை ஈரமாக இருந்தால் 45 மீட்டர்கூட ஆகும். அதே கார் 30 கி.மீ. வேகத்தில் வந்தால் மொத்தமே 17, 18 மீட்டரில் நின்றுவிடும். 30-இல் வரும் கார் முழுதாக நின்றுபோகும் இடத்தில், 50-இல் வரும் காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கை மிதித்திருக்கவே மாட்டார். கையைக் காட்டிக்கொண்டே குறுக்கே இறங்குவது இந்தக் கணக்கைக் கொஞ்சமும் மாற்றாது.

கடக்கும் கணக்கு

ஒரு லேன் ஏறத்தாழ 3.5 மீட்டர் அகலம். நான்கு லேன் சாலை என்றால் 14 மீட்டர். சாதாரண நடை நொடிக்கு 1.2 மீட்டர்; கடக்க 12 நொடி வேண்டும். அந்த 12 நொடியில் 50 கி.மீ. வேக வண்டி 165 மீட்டருக்கு மேல் வந்துவிடும். நடுவில் டிவைடர் இருந்து பாதி பாதியாகக் கடந்தால், ஒவ்வொரு பாதிக்கும் 6 நொடியும் 83 மீட்டர் இடைவெளியும் போதும். அதனால் அகலமான சாலையில் டிவைடரில் நிற்க இடம் உள்ள பகுதியைத் தேடிப் போவது எப்போதும் லாபம். செடியும் கம்பியும் வைத்து அடைத்திருக்கும் டிவைடர் அந்தக் கணக்கில் சேராது; ஏறித் தாண்டுகிறவர் மறுபக்கம் இறங்கும்போது பார்வை காலடியில் இருக்கும், வண்டியின் மேல் இருக்காது.

83 மீட்டர் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் கண்ணளவில் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தினமும் கடக்கிற இடத்தில் ஒரு நாள் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை அடையாளம் வையுங்கள். வேகமாக வரும் வண்டி அந்தக் கம்பத்தைத் தாண்டியதிலிருந்து உங்கள் முன்னால் வரும்வரை நொடிகளை எண்ணுங்கள். நீங்கள் கடக்க 6 நொடி தேவை என்றால், 8 நொடியாவது வரும் கம்பம்தான் உங்கள் எல்லைக்கோடு. அதற்கு இந்தப் பக்கம் வண்டி வந்துவிட்டால் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் இருந்தால் போகலாம். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை எண்ண வேண்டும். நெரிசல் இல்லாத இரவில் அதே சாலையில் வேகம் கூடிவிடும். பகலில் வைத்த கம்பம் இரவுக்குச் செல்லாது.

வயதானவர்களின் நடை நொடிக்கு 0.8 மீட்டருக்கு இறங்கிவிடுவது சாதாரணம். அவர்களுக்கு அதே 14 மீட்டர் கடக்க 17, 18 நொடி ஆகும். பல சிக்னல்களில் பச்சை மனிதன் அவ்வளவு நேரம் எரிவதில்லை. பெரியவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையை நம்பி இறங்க வேண்டாம். அது அணைந்து மீண்டும் எரியும்வரை காத்திருந்து, எரிந்தவுடன் புறப்படுங்கள்.

குறுக்காகக் கோணலாகக் கடப்பது எல்லோரும் செய்கிற தப்பு. 45 டிகிரி கோணத்தில் நடந்தால் 14 மீட்டர் 20 மீட்டராகிவிடும். சாலையில் இருக்கும் நேரம் 5 நொடி கூடும். போதாததற்கு ஒரு பக்க வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பீர்கள்.

இன்னொன்று, டூவீலர். சின்ன உருவம் எதுவுமே உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோலவும், மெதுவாக வருவதுபோலவும் கண்ணுக்குத் தோன்றும். பேருந்து வந்தால் பயந்து நிற்கிற அதே ஆள், அதே தூரத்தில் அதே வேகத்தில் வரும் பைக்குக்கு முன்னால் தைரியமாக இறங்குவது இதனால்தான். ஒருவழிச் சாலை என்றாலும் இரண்டு பக்கமும் பாருங்கள். எதிர்த்திசையில் வரும் சைக்கிளும் பைக்கும் இல்லாத நகரம் கிடையாது. மின்சார வண்டிகள் மெதுவாக வரும்போது சத்தமே இருக்காது. ஐரோப்பாவில் புதிய மாடல்களுக்கு 2019 முதல் குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்பும் கருவி கட்டாயமானது இதற்காகத்தான். காதை நம்பிக் கடந்த காலம் போய்விட்டது. இயர்போன் மாட்டியிருந்தால் அந்தக் காதும் இல்லை.

நின்றுவிட்ட வண்டிக்குப் பின்னால்

நடப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது, மரியாதையாக நிற்கிற வண்டி. ஒரு லேனில் வேன் நின்று, "போங்க" என்று ஓட்டுநர் கை காட்டுகிறார். நன்றி சொல்லிக்கொண்டே அதே வேகத்தில் அடுத்த லேனுக்குப் போகிறவரை, வேனுக்கு அந்தப் பக்கம் வரும் கார் பார்க்கவே முடியாது. வேன்தான் மறைக்கிறதே. செய்ய வேண்டியது இது: நின்ற வண்டியின் முகப்பு முடியும் மூலை வரை நடங்கள், அங்கே நின்று தலையை மட்டும் நீட்டி அடுத்த லேனைப் பாருங்கள், காலியாக இருந்தாலோ, அங்கே வருகிற வண்டியும் நின்றாலோ மட்டும் தொடருங்கள். ஒவ்வொரு லேனையும் தனிச் சாலையாக நினைத்தால் போதும்.

பேருந்திலிருந்து இறங்கியவுடன் அதன் முன்பக்கமாக ஓடிக் கடப்பதும் இதே ஆபத்துதான், இன்னும் பெரிய திரையோடு. பேருந்து கிளம்பிப் போகட்டும். அரை நிமிடம்தான்.

திருப்பத்தில் வேறு சிக்கல். காரின் முன்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறது. கார் திரும்பும் வேகமும் நீங்கள் நடக்கும் வேகமும் ஒத்துப்போய்விட்டால், கடக்கத் தொடங்கியதிலிருந்து முடிவுவரை அந்தத் தூணுக்குப் பின்னாலேயே நீங்கள் மறைந்திருக்கலாம். ஓட்டுநர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேதான் வருவார், ஆனால் தெரியாது. சமாளிக்க எளிய வழி, அவர் முகத்தைத் தேடுவது. அவர் கண் உங்களுக்குத் தெரிந்தால்தான் நீங்கள் அவருக்குத் தெரிவீர்கள். தெரியாவிட்டால் ஓரடி பின்வாங்குங்கள். அந்த மாற்றமே தூணின் மறைவிலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்துவிடும்.

லாரியும் நீளப் பேருந்தும் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது; உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முனையில் நிற்பவர் முன்பக்கம் தாண்டிப் போய்விட்டதைப் பார்த்து நிம்மதியாகும்போது பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறும். முனையில் நிற்காமல் இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி நில்லுங்கள். சிக்னலில் நிற்கும் லாரியின் மூக்கை உரசிக்கொண்டு கடக்கவும் கூடாது. ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முகப்பை ஒட்டி நடக்கிறவர், அதுவும் குழந்தை, அவர் பார்வைக்குக் கீழே போய்விடும்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் முக்கியம். தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைக்கு எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் கண் பழக நாளாகும். கையைப் பிடியுங்கள், விரலை அல்ல, மணிக்கட்டை. சாலைப் பக்கம் நீங்கள், சுவர்ப் பக்கம் குழந்தை.

இருட்டியபின்

மங்கலான ஹெட்லைட் வெளிச்சத்தில் கறுப்பு உடை அணிந்தவர் 25, 30 மீட்டர் தூரத்தில்தான் ஓட்டுநர் கண்ணுக்குப் படுவார். 50 கி.மீ. வேக வண்டி நிற்க 35 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்லைட் நம் கண்ணில் பளீரென்று அடிப்பதால், அவருக்கும் நாம் அதே அளவு தெரிகிறோம் என்று நினைத்துவிடுகிறோம். அது வெறும் பிரமை.

வெள்ளைச் சட்டை கொஞ்சம் உதவும். ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை 100 மீட்டருக்கு மேலிருந்தே தெரியும். அதை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டுவது நல்லது. மேலும் கீழும் அசையும் இரண்டு ஒளிக்கோடுகளைப் பார்த்ததும் "மனிதன் நடக்கிறான்" என்று மூளை உடனே கண்டுபிடித்துவிடும். அசையாத ஒளிப்புள்ளி ஏதோ கம்பமோ பலகையோ என்று விட்டுவிடும். நடைபாதை இல்லாத தெருவில் வண்டிகளுக்கு எதிர்முகமாக நடக்க வேண்டும். வருவது தெரிந்தால் ஒதுங்கலாம்.

போனைப் பார்க்க வேண்டுமென்றால் நடைபாதை விளிம்பில் நிற்காதீர்கள். கட்டடத்தின் பக்கம் போய், சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று பாருங்கள். பறித்துக்கொண்டு போகிறவர்கள் வண்டியில் வருவார்கள். அவர்கள் கை எட்டுவது விளிம்புவரைதான். பையின் வாரும் சாலைக்கு எதிர்த் தோளில் இருக்கட்டும்.

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் சாலையின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். அவரும் வந்தால் திரும்ப இந்தப் பக்கம் வாருங்கள். இரண்டு முறையும் கூடவே வருகிறவர் தற்செயலாக வரவில்லை. அப்போது வீட்டுக்குப் போகக் கூடாது. வீடு எது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். வெளிச்சமும் ஆட்களும் உள்ள கடைக்குள் நுழைந்து அங்கிருந்து போன் செய்யுங்கள்.

வாடகைக் காரில் ஏறுமுன் நம்பர் பிளேட்டைச் சரிபாருங்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லாமல், "யாரை ஏத்த வந்தீங்க?" என்று அவரைச் சொல்லவிடுங்கள். இறங்கும்போது நடைபாதைப் பக்கக் கதவு. சாலைப் பக்கம்தான் இறங்கியாக வேண்டுமென்றால் கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். டச்சு ரீச் என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. சைக்கிளில் போகிறவர் நின்றிருக்கும் கார் வரிசையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகிப் போக வேண்டியதும் அந்தக் கதவுக்காகத்தான்.

தண்ணீர் நிற்கும் தெரு

தண்ணீர் தேங்கியிருந்தால் முதல் பயம் பாதாளச் சாக்கடை மூடி. தண்ணீரின் அழுத்தத்தில் மூடி நகர்ந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத்தான் இருக்கும். குடையோ கம்போ வைத்து அடுத்த அடியைத் தட்டிப் பார்த்த பிறகு காலை வையுங்கள். ஓடுகிற தண்ணீராக இருந்தால் 15 செ.மீ. ஆழமே பெரியவரைத் தடுக்கி விழவைக்கும், 30 செ.மீ. சிறிய காரைத் தள்ளிவிடும்.

அடுத்த பயம் மின்சாரம். விளக்குக் கம்பம், மின்பெட்டி, கடைகளின் விளக்குப் பலகை எதையும் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். தடுமாறும் கை தானாகப் போய்ப் பிடிப்பது அந்தக் கம்பத்தைத்தான், அதனால் முன்கூட்டியே தள்ளி நடக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகுங்கள். ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்றால் காலைத் தூக்கி எட்டு வைக்கக் கூடாது: தரையில் பரவும் மின்னழுத்தம் இரண்டு கால்களுக்கிடையே மாறுபட்டால் உடம்பு வழியாகப் பாயும். பாதங்களை ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாகத் தேய்த்துக்கொண்டே விலக வேண்டும்.

குடிவந்த முதல் வாரம்

புதுத் தெருவைக் காலை, மாலை, இரவு பத்து மணி என்று மூன்று வேளையும் ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த வாசலிலிருந்து வண்டிகள் ரிவர்ஸில் நேராக நடைபாதைக்கு வருகின்றன, எந்த விளக்கு எரியவில்லை, இரவில் வெகுநேரம் திறந்திருக்கும் மருந்துக்கடை எது, எந்தச் சந்து முட்டுச்சந்து என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. எரியாத விளக்குக்குப் புகார் கொடுக்கும்போது கம்பத்தில் எண் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்" என்று கொடுத்த புகாரை வைத்து யாரும் ஏணியோடு வந்து தேட மாட்டார்கள்.

தீயணைப்பு வண்டிக்கு 3.5 மீட்டர் வழியாவது வேண்டும். இரண்டு பக்கமும் வண்டி நிறுத்திய பிறகு உங்கள் தெருவில் அவ்வளவு மிஞ்சுகிறதா என்று ஓர் இரவு அளந்து பாருங்கள். முனையிலிருந்து 5 மீட்டருக்குள் வண்டி நிறுத்தப் பல நாடுகளில் தடை உண்டு. அந்த 5 மீட்டரில் நிற்கும் ஒரே ஒரு வேன் கடப்பவரையும் ஓட்டுநரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்துவிடும். தெருக் கூட்டத்தில் நேரத்தைச் செலவிட்டுப் பேச வேண்டியது இதைத்தான்.

அக்கம்பக்கத்தில் எல்லோருடனும் நெருங்கிப் பழக வேண்டியதில்லை. பக்கத்து வீடு ஒன்று, எதிர் வீடு ஒன்று, இரண்டு வீட்டாரின் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும், உங்களுடையது அவர்களிடம் இருக்க வேண்டும். எதிர் வீடு எதற்கென்றால், உங்கள் வாசல் அங்கிருந்துதான் தெரியும்.

போனில் செய்ய வேண்டியதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நகரத்தின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். இரத்த வகை, ஒவ்வாமை, அழைக்க வேண்டியவர் எண் மூன்றும் பூட்டிய திரையிலேயே தெரியும்படி அவசரத் தகவலில் பதியுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும். அமைப்புகளில் அது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். 112 பல நாடுகளில் அவசர எண். புது நாட்டுக்குப் போனால் அந்த நாட்டு எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்துபோகும் நாளுக்காக இரண்டு எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள்.

கடைசியாக முகவரி. ஆம்புலன்சை அழைக்கும் பதற்றத்தில் வழி சொல்ல வராது, அதனால் இப்போதே எழுதிச் சேமித்து வையுங்கள்: கதவு எண், மாடி, தெரு, எந்தப் பெரிய சாலையிலிருந்து திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்திலிருந்து எத்தனையாவது கட்டடம், வாசல் எந்த நிறம், லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா. கூடவே வரைபடத்தில் வாசலை அழுத்தி வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சேருங்கள். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் இடம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் துல்லியமாக வரும். நான்கு இலக்கத்தோடு நிறுத்தினால் 10 மீட்டர்வரை தள்ளிக் காட்டக்கூடும். நெருக்கமான தெருவில் அது அடுத்த வீடு. கட்டடத்தின் நடுவில் புள்ளி வைக்காமல் வண்டி வந்து நிற்க வேண்டிய வாசலில் வையுங்கள். பின்புறம் வேறு தெரு இருந்தால் வரைபடம் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.