200 மெகாபிக்சலை எப்போது பயன்படுத்துவது?

2024 ஜனவரியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல் திறன் கொண்டது என்றாலும், நாம் எதையும் மாற்றாமல் எடுக்கும் படங்கள் 12 மெகாபிக்சல் அளவிலேயே சேமிக்கப்படுகின்றன. இது குறையன்று, அருகருகே உள்ள 16 பிக்சல்களை ஒன்றாக இணைத்துக் கூடுதல் ஒளியைப் பெறுவதால், மங்கிய வெளிச்சத்தில் இந்த முறையே தெளிவான படத்தைத் தருகிறது. ஆகவே, கோயில் கோபுரம், சுவரோவியம், பழைய ஆவணம் போன்ற அசையாத பொருள்களை நல்ல வெளிச்சத்தில் எடுத்து, பின்னர் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருக்கும்போது மட்டும், கேமரா திரையில் உள்ள தெளிவுத்திறன் குறியைத் தொட்டு 200க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓடியாடும் குழந்தைகளுக்கு அது ஒத்துவராது. கோப்பின் அளவும் பல மடங்கு பெருகி நினைவகத்தை நிரப்பிவிடும்.

கைநடுக்கத்தைத் தவிர்க்க, போனை முக்காலியில் பொருத்திவிட்டு, போனுடன் வரும் எஸ் பென் என்ற பேனாவின் பொத்தானை அழுத்திப் படம் எடுக்கலாம். எழுதுகோலாக மட்டுமே பலர் கருதும் இந்தப் பேனாவின் மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்பேன். அடுத்து வந்த எஸ்25 அல்ட்ராவின் பேனாவில் புளூடூத் நீக்கப்பட்டுவிட்டதால், அதில் இவ்வசதி கிடையாது.

திரைக்கும் இதே கதைதான்: அதன் முழுத் தெளிவுத்திறனான 3120 × 1440 தேவையெனில், அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதிக்குச் சென்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.