காந்தம் வைத்தால் ஓடிவரும் வினையூக்கி: லேபில் செய்வது எப்படி?

பெங்களூருவில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் நம்ம ஊர் ஜூனியர்கள் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, சென்ட்ரிபியூஜ் (வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கருவி) கிடைக்கவே மாட்டேங்குது, நானோ துகளை எப்படிப் பிரிக்கிறது?" வடிகட்டித் தாளில் நானோ துகள் நிற்காது. மேக்னடைட் என்கிற இரும்பு ஆக்சைடு துகளின் மேல் வினையூக்கியான வெள்ளியை ஏற்றிவிட்டால், வினை முடிந்ததும் காந்தம் வைத்தே திரும்ப எடுத்துவிடலாம். சுமார் 10 நானோமீட்டர் அளவில் இருந்தால் காந்தத்தை எடுத்ததும் துகள்களின் காந்தத்தன்மை போய்விடும். அதனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் மறுபடி நீரில் கலக்கும்.

காந்தம் நியோடிமியமாக இருக்கட்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் இதற்கு உதவாது. பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக் கழற்றினால் உள்ளே நல்ல காந்தம் இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான்.

படி 1: கறுப்புத் துகள்

100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் நைட்ரஜன் விட்டுக் காற்றை விரட்டுங்கள். அதில் 2.70 கிராம் ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட், 1.96 கிராம் மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) போடுங்கள். பிளஸ் டூ பிராக்டிகலில் டைட்ரேஷனுக்கு வைத்த அதே உப்புதான். ஃபெரஸ் குளோரைடை விட இது காற்றில் தாக்குப்பிடிக்கும். எடையில் அல்ல, மோலில் ஃபெரஸுக்கு இரு மடங்கு ஃபெரிக் என்பதுதான் கணக்கு. 1981ல் ரெனே மசார் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. 80 டிகிரிக்குச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே 25 சதவீத அம்மோனியா 15 மில்லி விடுங்கள். ஃப்யூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி) கட்டாயம். உடனே கறுக்கும். அரை மணி நேரம் அப்படியே ஓடட்டும். கறுப்புக்குப் பதில் பழுப்பு தட்டினால் காற்று உள்ளே போயிருக்கிறது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது இந்தக் கலக்கும் வேலைதான். லேபில் கைக்கு எட்டுவது மேக்னடிக் ஸ்டிரர். அதில் கரைசலுக்குள் சுழலும் பீட் காந்தமாயிற்றே! செய்த துகளெல்லாம் அதன்மேல் கறுப்பு மயிராகச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும், கரைசல் வெளுத்துப்போகும். துகளே வரவில்லை என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். மேலிருந்து கம்பியால் கலக்கும் ஓவர்ஹெட் ஸ்டிரர் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் கண்ணாடிக் கம்பியும் சோனிகேட்டர் தொட்டியும் (மீயொலியால் துகளைக் கலைப்பது) போதும். பின்னால் வினை நடத்தும்போதும் இதே விதிதான்.

படி 2: கழுவுதல்

காந்தத்தை பீக்கரின் வெளிப்பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டு தெளிந்த நீரைச் சாய்த்துக் கொட்டுங்கள். காந்தத்தை நேராக உள்ளே முக்கினால் துகளைப் பிய்த்தெடுக்க முடியாது. எத்தனை முறை கழுவுவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு: கழுவிய நீரில் ஒரு துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் ஒரு துளி சில்வர் நைட்ரேட்டும் விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. அது போகாமல் வெள்ளி ஏற்றினால் சில்வர் குளோரைடாக வீணாகும். அமிலத் துளியை விட்டுவிட்டால் மிச்ச அம்மோனியா கலங்கலை மறைத்துவிடும். காவிரித் தண்ணீரோ போர்வெல்லோ, குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டாம். அதிலேயே குளோரைடு இருக்கிறது.

துகளைக் காயவைக்காதீர்கள். காய்ந்தால் கட்டிதட்டும், பிறகு எளிதில் பிரியாது. நீரிலேயே வைத்திருங்கள். எடை தெரிய ஒரு மில்லியை மட்டும் தனியாகக் காயவைத்து நிறுத்தால் போதும்.

படி 3: வெள்ளி ஏற்றுதல்

500 மில்லிகிராம் துகளை 50 மில்லி நீரில் சோனிகேட் செய்து, 40 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட் சேருங்கள். அப்புறம், அதை வெள்ளியாக ஒடுக்க, 20 மில்லிகிராம் சோடியம் போரோஹைட்ரைடை ஐஸ் நீரில் அப்போதே கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஹைட்ரஜன் வரும், பாட்டிலை இறுக மூடாதீர்கள். மறுபடி காந்தம், மறுபடி கழுவல்.

படி 4: வேலை செய்கிறதா?

பாரா நைட்ரோபீனாலில் போரோஹைட்ரைடு போட்டால் அடர் மஞ்சள் வரும். வினையூக்கி இல்லாமல் அந்த நிறம் லேசில் போகாது. நம் துகளைப் போட்டதும் மஞ்சள் மங்கத் தொடங்க வேண்டும். யூவியில் (கரைசல் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) 400 நானோமீட்டர் முகடு இறங்கி, 300 பக்கம் புதிதாக ஒன்று எழும். நைட்ரோபீனால் நஞ்சு, கையுறை போடுங்கள்.

துகள் காந்தத்திடம் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். காந்தம் இழுப்பது இரும்பு ஆக்சைடைத்தான், வெள்ளியை அல்ல. கழன்றுபோன வெள்ளி நீரிலேயே தங்கிவிடும். அதனால் நிறம் பாதி குறைந்ததும் காந்தம் வைத்து, தெளிந்த நீரை வேறு குப்பிக்கு மாற்றி, ஒரு சிட்டிகை புது போரோஹைட்ரைடு போட்டுப் பாருங்கள். அதிலும் நிறம் வேகமாக இறங்கினால் வெள்ளி கழன்றிருக்கிறது. இதைச் செய்யாமல் "பலமுறை பயன்படுத்தலாம்" என்று தீசிஸில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

பிற்சேர்க்கை: யூவி ரீடிங் தாறுமாறாகக் குதிக்கிறது என்று மும்பையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். க்யூவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு குப்பி) சுவரில் ஹைட்ரஜன் குமிழி ஒட்டியிருக்கும், விரலால் தட்டிவிடுங்கள். துகள் மிதந்தாலும் ரீடிங் ஏறும். அதனால் அளக்கும் முன் காந்தத்தைப் பக்கவாட்டில், ஒளி போகும் பாதைக்கு வெளியே, சற்று நேரம் வையுங்கள்.