கிராலர் எழுதப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் பைத்தான் நிரல்மொழி வகுப்பில், இரண்டாம் மாதம் முடிவதற்குள் யாராவது ஒருவர் கிராலர், அதாவது இணையப் பக்கங்களைத் தானாகத் திறந்து சேகரிக்கும் நிரல், எழுதக் கற்றுத்தருமாறு கேட்டுவிடுவார். வீட்டு வாடகை விளம்பரங்களைத் திரட்ட வேண்டும் என்பார் ஒருவர். தமிழ்ச் செய்தித் தலைப்புகளை டெலிகிராம் குழுவில் தானாகப் போடும் பாட் (தானியங்கி நிரல்) வேண்டும் என்பார் இன்னொருவர். ஓர் இணையப் பக்கத்தை இறக்க நான்கு வரி போதும் என்பதால், நிரல் ஓடிவிட்டாலே வேலை சரியாக நடக்கிறது என்று எண்ணிவிடுகின்றனர்.

நான் காணும் தவறுகளில் பெரியது, பக்கத்தை இறக்கும் வேலையையும் அதிலிருந்து விவரம் எடுக்கும் வேலையையும் ஒரே ஓட்டத்தில் பிணைத்துவிடுவதுதான். ஒரு மாணவர் விளம்பரங்களிலிருந்து வாடகைத் தொகையைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார். ‘ஆர்.எம். 1,200’ என்பதிலிருந்த காற்புள்ளியால் அது எண்ணாக மாறவில்லை. திருத்திவிட்டு மீண்டும் ஓட்டினார். அடுத்து, தொகையே குறிப்பிடாத விளம்பரம் ஒன்று இடறியது. அதையும் திருத்தி ஓட்டினார். ஒவ்வொரு முறையும் 300 பக்கங்கள் முதலிலிருந்து இறங்கின. இருபது திருத்தங்கள் முடிவதற்குள் அந்தத் தளத்தின் கதவை 6,000 முறை தட்டியிருந்தார். பிற்பகலில் தளம் எங்கள் வகுப்பறையின் இணைய இணைப்புக்குரிய ஐபி முகவரியையே தடுத்துவிட்டது. அவரோடு சேர்த்து மற்ற எட்டுப் பேருக்கும் அன்று அந்தத் தளம் திறக்கவில்லை. இறக்கிய பக்கங்களை அப்படியே கோப்புகளாகச் சேமித்துவிட்டு, விவரம் எடுக்கும் நிரல் அந்தக் கோப்புகளை மட்டும் படிக்குமாறு அமைத்திருந்தால், 300 கோரிக்கைகளோடு கதை முடிந்திருக்கும்.

வேகத்தைப் பற்றிய தவறும் இதற்கு உறவுதான். ஒரே நேரத்தில் ஐம்பது இணைப்புகளைத் திறப்பதைத் திறமையாகக் கருதுகின்றனர். கோரிக்கைகளுக்கிடையே இரண்டு நொடி இடைவெளி விட்டாலும் 10,000 பக்கங்கள் ஆறு மணி நேரத்திற்குள் வந்து சேர்ந்துவிடும். தூங்கி எழுவதற்குள் ஆகிற வேலைக்கு எதற்கு அவசரம்? தளத்தை வழங்கும் கணினியான சர்வர் 429 என்ற எண்ணை அனுப்பினால், கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்று பொருள். எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதையும் பல சர்வர்கள் அதே பதிலின் தலைப்பில் சொல்லிவிடுகின்றன. அதைப் படிக்காமல் உடனே மறுபடி கேட்கும் நிரலைத்தான் தொடக்கநிலையினர் எழுதுகின்றனர். எதிர்முனை பதிலே தராமல் போவதும் உண்டு. பக்கங்களை இறக்கப் பைத்தானில் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்குக் காத்திருப்பு வரம்பை நாம் குறிப்பிடாவிட்டால் அதற்கென்று இயல்பான வரம்பு எதுவும் கிடையாது. நிரல் விடிய விடிய அங்கேயே நிற்கலாம்.

இரவில் ஓட்டுவதிலும் நம்மூர்க்காரர்களுக்கென்று ஒரு குழி இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முந்தியது. அதிகாலை இரண்டு மணிக்கு ஓடட்டும் என்று குறித்துவைத்த பாட், கோலாலம்பூரில் காலை பத்து மணிக்கு, உள்ளூர்த் தளங்களில் கூட்டம் மிகுந்த நேரத்தில் போய் நிற்கும்.

ஒரு தளத்தில் கிராலர்கள் எங்கெங்கே போகக் கூடாது என்பதைச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு முறையை 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். அது ஆர்எஃப்சி எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 9309 என்ற எண்ணில் முறையான ஆவணமாக வெளியானது 2022இல்தான். அந்தக் கோப்பு இல்லையென்று சர்வர் சொன்னால் தடை ஏதுமில்லை எனக் கொள்ளலாம். ஆனால் சர்வரே பழுதாகி 500 வரிசைப் பிழை எண் வந்தால், தளம் முழுவதும் தடுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது அந்த ஆவணம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே அதிகம். கிராலரைக் குரோம் உலாவிபோல வேடமிடச் செய்யும் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. பாட் நிரலுக்கு ஒரு பெயரும் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சலும் கொடுத்துவிட்டால், சிக்கல் வரும்போது தள நிர்வாகி தடுப்பதற்கு முன் எழுதிக் கேட்கவாவது வழியிருக்கும்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் ஒரு சங்கத்தின் தளத்திலிருந்து நிகழ்ச்சி விவரங்களைச் சேகரிக்க, எல்லா இணைப்புகளையும் பின்தொடரும் கிராலரை இரவு பத்து மணிக்கு ஓடவிட்டேன். அதன் நாள்காட்டியில் ‘அடுத்த மாதம்’ என்றொரு பொத்தான் இருந்தது. இரண்டு நொடிக்கு ஒரு மாதமாக அது போய்க்கொண்டே இருந்தது. காலை ஆறு மணிக்கு நான் பார்த்தபோது கிட்டத்தட்ட 1,200 ஆண்டுகளைக் கடந்து, நிகழ்ச்சி எதுவுமில்லாத வெற்றுப் பக்கங்களைச் சேமித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பார்த்த முகவரிகளைத் தவிர்க்கும் ஏற்பாடு அதில் இருந்தும் பயனில்லை, ஏனெனில் ஒவ்வொரு மாதமும் புது முகவரி. எத்தனை பக்கம், தொடங்கிய பக்கத்திலிருந்து எத்தனை இணைப்பு தொலைவு என்ற வரம்பு இல்லாத கிராலரை இன்று நான் வகுப்பில் ஓடவிடுவதில்லை.

கிராலரே தேவைப்படாத வேலைக்குக் கிராலர் எழுதுவதும் தவறுதான். பெட்ரோல் விலையை ஒரு செய்தித் தளத்திலிருந்து உருவி எடுக்க எண்பது வரி எழுதியிருந்தார் ஒரு மாணவி. மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் வாராந்தர எரிபொருள் விலை நேராக இறக்கத்தக்க கோப்பாகவே கிடைக்கிறது. விளம்பரங்களிலுள்ள பெயர்களையும் தொலைபேசி எண்களையும் சேர்த்து அள்ளுவது இன்னும் கவலைக்குரியது. வணிக நோக்கில் அவற்றைக் கையாள்வோரை மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கத்தக்க குற்றம்; பிறருடைய கடவுச்சொல்லைக் கொண்டு பாட் நிரலை உள்ளே அனுப்புவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். டெலிகிராம் பாட்டை இயக்கும் ரகசியக் குறியீட்டை நிரலுக்குள்ளேயே எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் போட்டுவிடுவதும் அடிக்கடி நிகழ்கிறது.

கடைசியாக, தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய தவறு. எழுத்துகளை எண்களாக மாற்றிவைக்கும் முறையான குறியாக்கம் எதுவென்று சர்வர் சொல்லாமல் விட்டால், ரிக்வெஸ்ட்ஸ் அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக எடுத்துக்கொள்ளும். இன்று பரவலாகப் பயன்படும் யூனிகோடு குறியாக்கமான யூடிஎஃப்-8இல் ‘தமிழ்’ என்ற சொல் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என) ஐந்து குறியெண்களாகி, ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக, மொத்தம் 15 பைட் பிடிக்கும். தவறாகப் படித்தால் அது 15 இலத்தீன் குறிகளின் குப்பையாகத் தெரியும். மேலே கோடிட்ட சிறிய இலத்தீன் எழுத்து ‘à’ மூன்று குறிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் நோய் இதுதான் என்று அறியலாம். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் உள்ள பழைய பக்கங்களுக்கு வேறு மாற்றி தேவைப்படும். எனவே, முதலில் சொன்னதுபோலப் பக்கத்தைச் சேமிக்கும்போது, எழுத்தாக மாற்றிய வடிவத்தைச் சேமிக்காமல் சர்வர் அனுப்பிய பைட்டுகளையே சேமியுங்கள். குறியாக்கத்தைத் தவறாக ஊகித்திருந்தாலும் தளத்தை மறுபடி தட்டாமல் கோப்பிலிருந்தே திருத்திக்கொள்ளலாம்.